ஆயத்தை அது இறங்கின ஊர்ல வெச்சுப் படிக்கிறது எப்படி: மாந்தோப்புக் கணக்கோட ஒரு வழிகாட்டி

குர்ஆன்ல 8:60ல, அதாவது 8ஆம் சூராவோட (அத்தியாயத்தோட) 60ஆம் ஆயத்துல (வசனத்துல), எதிரியை சமாளிக்க உங்களால முடிஞ்ச பலத்தையும் போர்க்குதிரைகளையும் தயாரா வெச்சுக்கங்கன்னு வருது. இதைப் படிச்சிட்டு நம்ம கிருஷ்ணகிரி பழையபேட்டைல எந்த பாயாவது குதிரை வாங்கி வாசல்ல கட்டியிருக்காரா? இல்ல. எந்த முஸ்லிம் நாட்டு ராணுவமும் இன்னைக்கு குதிரையை நம்பி இல்ல. குதிரை அந்தக் காலத்து ஏற்பாடு, தயாரா இருக்கணும்ங்கிறதுதான் விஷயம்னு யாரும் பாடம் நடத்தாமயே எல்லாருக்கும் புரியுது. சூழல் பார்த்துப் படிக்கிறதுன்னா இதுதான், இதை நாம எல்லாருமே பண்றோம். என்ன, குதிரை ஆயத்துக்குப் பண்ணுவோம், சாட்சி ஆயத்துக்கும் நிக்காஹ் ஆயத்துக்கும் வந்தா மட்டும் மாடர்ன் ஆளுங்க வேலைன்னு ஒதுங்கிக்குவோம்.

இதை முறையா எப்படிப் பண்றதுன்னு நம்ம ஊர் உதாரணத்தோட எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்ல, ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) குடுக்கல, படிக்கிற முறையை மட்டும் சொல்றேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இது சுலபமான வழின்னு நெனச்சு வராதீங்க, வார்த்தையை அப்படியே எடுத்துக்கிறதைவிட இதுல வேலை ரெண்டு மடங்கு.

கைல என்ன வேணும்

ரெண்டு தமிழ் தர்ஜுமா (மொழிபெயர்ப்பு) வேணும், ஒண்ணு பத்தாது. பழைய அப்துல் ஹமீது பாகவி தர்ஜுமா பெரும்பாலான வீட்ல இருக்கும், அதுகூட இன்னொண்ணு வெச்சுக்கங்க. இப்னு கஸீர் எழுதின தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) தமிழ்லயே கிடைக்குது. புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்பும் (நபியோட சொல், செயல் பதிவுகள்) போன்லயே பார்க்கலாம். நம்ம ஊர்ல ஒரு தனி வசதி இருக்கு, பாதி வீட்ல பெரியவங்க உருது தஃப்ஸீர் படிப்பாங்க, ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பசங்களுக்கு உருது எழுத்து வராது, ரெண்டு தரப்பையும் ஒரே பாய்ல உக்கார வெச்சீங்கன்னா ரெண்டு மொழி தஃப்ஸீரும் ஒரே நேரத்துல வந்துரும். மஸ்ஜித்ல இருக்கற ஹஜ்ரத் (இமாம்) வேலூர் பாக்கியாத் மதரஸாவுல ஓதின பாகவியாவோ உமராபாத்ல ஓதின உமரியாவோ இருப்பாரு, சந்தேகம் வந்தா அவர்கிட்ட போங்க, ஆனா வெறுங்கையோட போகாதீங்க, நீங்க தேடின ரிவாயத் (ஹதீஸ் அறிவிப்பு) நம்பரை எழுதிட்டுப் போங்க, அப்ப அவர் பேசற தோரணையே வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு.

முதல் வேலை: முன்னாடி பத்து, பின்னாடி பத்து

ஒரு ஆயத்தை தனியா பிடுங்கிப் படிக்காதீங்க. வாட்ஸ்அப்ல சுத்தற 9:5 எடுத்துக்கங்க, இணைவைக்கிறவங்களை (அல்லாஹ்வோட வேற தெய்வத்தையும் சேர்த்து வணங்கறவங்களை) கண்ட இடத்துல கொல்லுங்கன்னு அந்த ஒரு வரியை மட்டும் போட்டு அனுப்பறாங்க, பகையா அனுப்பறவனும் அதையேதான் அனுப்பறான், வெறியா அனுப்பறவனும் அதையேதான் அனுப்பறான். ஒரு ஆயத் முன்னாடி போனா 9:4ல உடன்படிக்கையை ஒழுங்கா காப்பாத்தினவங்களோட உடன்படிக்கையை நீங்களும் கெடு வரைக்கும் நிறைவேத்துங்கன்னு இருக்கு. ஒரு ஆயத் பின்னாடி போனா 9:6ல அவங்கள்ல ஒருத்தர் அடைக்கலம் கேட்டா குடுங்க, பத்திரமான இடத்துல கொண்டுபோய் சேருங்கன்னு இருக்கு. 9:13 இன்னும் தெளிவு, சத்தியத்தை முறிச்சவங்க, முதல்ல ஆரம்பிச்சவங்கன்னு யாரைப் பத்திப் பேசுதுன்னு அதுவே சொல்லிருது. 628ல ஹுதைபிய்யா உடன்படிக்கை, அது முறிஞ்சு 630ல மக்கா வெற்றி, அதுக்கு அடுத்த வருஷ அறிவிப்புதான் இந்த சூராவோட ஆரம்பம். இதோட 60:8ஐயும் சேர்த்துப் படிங்க, உங்ககூட சண்டை போடாத, உங்களை ஊரைவிட்டு விரட்டாத ஆளுங்ககிட்ட நல்லபடியா, நீதியா நடந்துக்கிறதை அல்லாஹ் தடுக்கலன்னு இருக்கும். பாதிப் பிரச்சனை இந்த ஒரு வேலைலயே தீர்ந்துரும், எந்த மாடர்ன் அறிஞரும் தேவைப்படாது.

ரெண்டாவது: ஷானே நுஸூல் தேடறது

ஷானே நுஸூல்னா ஆயத் இறங்கின சூழல்: எந்த சம்பவத்துல, யாரோட கேள்விக்கு, எந்த வருஷத்துல இறங்குச்சு. இதுக்குன்னே தனியா தொகுத்தவங்க இருக்காங்க, 11ஆம் நூற்றாண்டுல நீஷாப்பூர் அல்வாஹிதி, அப்புறம் 1505ல மௌத்தான எகிப்து சுயூத்தி. ஆக இது ஏதோ வெள்ளைக்காரன் பாடத்திட்டத்துல இருந்து வந்தது இல்ல. ஸ்பெயின் கிரனடால வாழ்ந்து 1388ல இறந்த ஷாத்திபி, அந்தக் காலத்து அரபுங்களோட வழக்கம் தெரியாம குர்ஆனைப் புரிஞ்சுக்கப் போகாதேன்னே எழுதிட்டாரு.

இங்க கவனம் வேணும். ஒரே ஆயத்துக்கு மூணு நாலு சம்பவம் சொல்லுவாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, சிலது சனது (யார்கிட்ட இருந்து யார் கேட்டுச் சொன்னாங்கங்கிற வரிசை) பலமில்லாதது. நமக்குப் பிடிச்ச சம்பவத்தை மட்டும் எடுத்துக்கிற ஆசை வரும். புகாரி, முஸ்லிம்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நோட்டுல பென்சில்ல எழுதி வைங்க, பேனா வேணாம்.

4:3க்கு நல்ல ரிவாயத் இருக்கு. நாலு நிக்காஹ் வரைக்கும் அனுமதிக்கிற ஆயத்னு எல்லாரும் சொல்றது அதுதான், ஆனா அது அநாதைங்க விஷயத்துல நீதியா இருக்க முடியாதுன்னு பயந்தீங்கன்னாங்கிற பேச்சோடதான் ஆரம்பிக்குது. 625ல உஹது போர்ல எழுபது பேர் வரைக்கும் ஷஹீதானாங்க, மதீனா சின்ன ஊரு, அத்தனை குடும்பம் ஆம்பளை இல்லாம நின்னுச்சு. தன் பொறுப்புல இருக்கற அநாதைப் பொண்ணோட சொத்துக்கும் அழகுக்கும் ஆசைப்பட்டு சரியான மஹர் (மணக்கொடை) குடுக்காம கட்டிக்கப் பார்த்தவங்களைத் தடுக்கத்தான் இது வந்துச்சுன்னு நபியோட மனைவி ஆயிஷா நாயகி சொன்னது புகாரில இருக்கு. நீதியா இருக்க முடியாதுன்னு பயந்தா ஒண்ணோட நிறுத்திக்கங்கன்னு அதே ஆயத், அப்புறம் 4:129ல நீங்க எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவிங்களுக்குள்ள நீதியா இருக்க உங்களால முடியாதுன்னு. எகிப்து முஃப்தியா இருந்த முஹம்மது அப்துஹு இதையெல்லாம் சேர்த்துப் படிச்சு, பலதாரத்தை அடக்கி வைக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமைன்ற பக்கம் போனாரு. துனிசியா 1956ல சட்டம் போட்டே நிறுத்திருச்சு. சரியா தப்பான்னு நீங்க பேசிக்கங்க, ஆனா அவங்க ஆயத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு அங்க போகல, ஆயத்துக்குள்ள இருந்துதான் போனாங்க.

மூணாவது: காரணத்தைக் கண்டுபிடிக்கிறது (இங்கதான் மாந்தோப்பு)

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, மத்ததெல்லாம் இதுக்கு முன்னுரை மாதிரிதான்.

நம்ம ஜில்லால தோப்புக் குத்தகை எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். பூ விடும்போதே வியாபாரி வந்து மரத்தைப் பார்த்து ஒரு மதிப்புப் போட்டு அட்வான்ஸ் குடுத்துருவாரு, சிலர் ரெண்டு மூணு வருஷத்துக்கு சேர்த்தே பேசிருவாங்க. அப்புறம் தத்துப்பூச்சி அடிக்கும், சாம்பல் நோய் வரும், ஆலங்கட்டி மழை பெய்யும், காய் கொட்டிரும். கிளிமூக்கு டன் விலை கூழ் ஃபேக்டரி என்ன சொல்லுதோ அதுதான். நஷ்டம் யாருக்குன்னு அப்புறம் பஞ்சாயத்து.

இப்ப ஹதீஸ் பக்கம் வாங்க. பழம் பக்குவம் தெரியறதுக்கு முன்னாடி விக்காதீங்கன்னு நபி (ஸல்) தடுத்தாங்க, இது புகாரி முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு. வார்த்தையை மட்டும் பிடிச்சா கிருஷ்ணகிரில பாதி தோப்பு வியாபாரம் ஹராம், முடிஞ்சுது கதை. இல்லன்னா அது பேரீச்சம்பழத்துக்குச் சொன்னது, மாங்காய்க்கு இல்ல, முடிஞ்சுது கதை. இந்த ரெண்டு பதிலும் சோம்பேறி பதில்.

தேடிப் பார்த்தா நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித் சொன்னதை புகாரி பதிவு பண்ணியிருக்காரு. ஜனங்க பழத்தை முன்னாடியே விப்பாங்க வாங்குவாங்க, அறுவடை நேரத்துல வித்தவன் வந்து பாக்கிப் பணத்தைக் கேட்கும்போது வாங்கினவன் நோய் வந்துருச்சு, கருகிருச்சுன்னு ஒவ்வொரு வியாதி பேரா சொல்லி தகராறு பண்ணுவான், இப்படி சண்டை நபிகிட்ட நிறைய வந்ததால பக்குவம் தெரியற வரைக்கும் விக்காதீங்கன்னு ஒரு ஆலோசனை மாதிரி சொன்னாங்கன்னு வருது. படிக்கும்போது நம்ம சந்தூர் பக்கத்துத் தோப்புல நடக்கற மாதிரியே இருக்கும். இன்னொரு நபித்தோழர் அனஸோட ரிவாயத்ல காரணம் நபியோட வாயாலயே வருது, அல்லாஹ் அந்தப் பழத்தைத் தடுத்துட்டான்னா உன் சகோதரனோட பணத்தை எந்த நியாயத்துல எடுத்துக்குவேன்னு. ஆக காரணத்தை நாம மண்டையைப் போட்டு ஒடச்சிக்க வேண்டியதில்ல, உள்ளயே எழுதியிருக்கு. வராத சரக்குக்கு பணம் வாங்கற அநியாயம், அதனால வர்ற சண்டை.

அடுத்து சேர்க்க வேண்டிய ஆயத் 2:282, குர்ஆன்லயே நீளமான ஆயத், கடன் குடுத்தா வாங்கினா எழுதி வைங்கன்னு சொல்றது. இது ஸலம் விஷயமா, அதாவது முன்பணம் குடுத்து பின்னாடி சரக்கு எடுக்கற வியாபாரத்தைப் பத்தி இறங்கினதுன்னு நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதா தஃப்ஸீர்கள்ல இருக்கு. நபி மதீனா வந்தப்ப அங்க ஜனங்க ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்பணம் குடுத்துட்டிருந்தாங்க, நபி அதை ஒரேயடியா நிறுத்தல, அளவு தெரியணும், எடை தெரியணும், தவணை தெரியணும்னு மூணு கண்டிஷன் போட்டாங்க. அதனாலதான் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள்ல பெரும்பாலானவங்க, இந்தத் தோட்டத்துக் காய்தான்னு கட்டாம, இன்ன ரகம் இத்தனை எடை இந்தத் தேதின்னு பேசினாத்தான் ஸலம் செல்லும்னாங்க, ஒரு தோட்டம் பொய்த்தாலும் வெளிய வாங்கி சரக்கைக் குடுத்துரலாம்ல. மாலிக்கி மத்ஹப் (ஒரு சட்டப் பிரிவு) இன்னும் ஒரு படி போய், வித்த பழத்துல மூணுல ஒரு பங்கோ மேலயோ இயற்கைச் சேதத்துல போயிட்டா அந்த அளவுக்குப் பணத்தைக் கழிச்சுரணும்னு வெச்சிருக்கு.

இந்த மொத்தத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தீங்கன்னா மூணு விஷயம் கைல நிக்கும்: நஷ்டம் ஒரே ஆள் தலைல விழக்கூடாது, அளவும் தேதியும் மூடுமந்திரமா இருக்கக்கூடாது, எழுத்துல இருக்கணும்.

நாலாவது: திரும்பி வர்றது

ஃபஸ்லுர் ரஹ்மான்னு ஒரு அறிஞர், 1919ல பிறந்தவர், பாகிஸ்தான்ல எதிர்ப்பு தாங்காம 1968ல கெளம்பி சிகாகோ பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினவர். அவர் 1982ல வந்த புத்தகத்துல சொன்ன முறைதான் இப்ப எல்லாரும் எடுத்து ஆள்றது: முதல்ல இன்னைல இருந்து குர்ஆன் இறங்கின காலத்துக்குப் போ, அங்க அந்தக் குறிப்பான உத்தரவுக்குப் பின்னாடி இருக்கற பொதுவான நீதியை எடு, ரெண்டாவது அந்த நீதியை எடுத்துக்கிட்டு இன்னைக்குத் திரும்பி வா, இன்னைய நிலவரத்தையும் அதே அளவு படிச்சிட்டு அதுல பொருத்து. ரெட்டைப் பயணம்னு வெச்சுக்கங்களேன். நெறைய பேர் முதல் பயணத்தையே போகாம ரெண்டாவதுல ஏறி உக்காந்துக்கிறாங்க, எனக்கு என்ன வேணுமோ அதுதான் குர்ஆனோட நோக்கம்னு. அது சூழல் பார்க்கிறது இல்ல, சும்மா பேச்சு.

மாந்தோப்புக்குத் திரும்பி வந்தா என்ன ஆகும்? இன்னைக்கு நம்மகிட்ட ஸ்டாம்ப் பேப்பர் இருக்கு, எடை மேடை இருக்கு, மழை எந்த நாள் எவ்வளவு பெய்ஞ்சுதுன்னு கணக்கு இருக்கு. அக்ரிமெண்ட்ல, ஆலங்கட்டியோ நோயோ வந்து இத்தனை பங்குக்கு மேல போனா அட்வான்ஸ்ல இவ்வளவு கழியும்னு ஒரு வரி, மரத்துக்கு மொத்தமா பேசாம ரகத்துக்கு டன் விலைன்னு ஒரு வரி, இவ்வளவுதான். பூவுல பேசினா ஹராமா ஹலாலான்னு ஹஜ்ரத்கிட்டதான் கேட்கணும், ஆனா இந்த ரெண்டு வரி இல்லாத குத்தகை அந்த ஹதீஸோட நியாயத்துக்கு வெளிய நிக்குதுன்னு சொல்ல எனக்குத் தயக்கமே இல்ல.

இதே 2:282ல இன்னொரு பகுதி, ரெண்டு ஆண் சாட்சி, இல்லன்னா ஒரு ஆணும் ரெண்டு பெண்ணும், ஒருத்தி தவறினா இன்னொருத்தி ஞாபகப்படுத்தன்னு வருது. இங்கயும் காரணம் உள்ளயே இருக்கு பாருங்க. பொம்பளைங்களுக்குக் கடன் கணக்குல பழக்கமில்லாத நிலைமைக்குச் சொன்னது இதுன்னு அப்துஹுவும் ஃபஸ்லுர் ரஹ்மானும் எடுத்தாங்க. ரெண்டாவது பெண் தனி சாட்சி இல்ல, கூட இருந்து ஞாபகப்படுத்தறவங்கதான்னு அமெரிக்க அறிஞர் அமினா வதூத் சொல்றாங்க. அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே இப்னுல் கய்யிம்னு ஒரு அறிஞர், இந்த ஆயத் கடனைப் பத்திரப்படுத்திக்கிற வழியைச் சொல்லுது, காஜி தீர்ப்பு சொல்ல இது ஒண்ணுதான் வழின்னு சொல்லலன்னு எழுதிட்டாரு. இப்ப நம்ம ஊருக்கு வாங்க. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989ல ஆரம்பிச்சதே அன்னைய தர்மபுரி மாவட்டத்துலதான், அப்ப கிருஷ்ணகிரியும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. கடன் ரெஜிஸ்டர், தவணை, வட்டி, பேங்க் லிங்கேஜ்னு முப்பது வருஷத்துக்கு மேல நோட்டு எழுதி ஆடிட் பார்த்த பொம்பளைங்க பென்னாகரத்துல இருந்து ஓசூர் வரைக்கும் இருக்காங்க. அவங்க வீட்டு ஆம்பளைக்கு அந்த நோட்டைப் பார்த்தா தலையும் புரியாது காலும் புரியாது. ஞாபகப்படுத்த ஆள் வேணும்னா யாருக்கு வேணும்?

எதுல கை வைக்கக்கூடாது

எல்லாத்தையும் சூழல்னு சொல்லி உருக்கிடலாமான்னா, முடியாது. மாலத்தீவுல பிறந்து மெல்போர்ன்ல பேராசிரியரா இருக்கற அப்துல்லா சயீத் இதுக்கு ஒரு அடுக்கு குடுத்திருக்காரு: ஈமான், தொழுகை, நோன்பு மாதிரி கடமைகள் ஒரு தட்டு, உயிர் சொத்து மானம்னு அடிப்படைகள் ஒரு தட்டு, அதைப் பாதுகாக்கற கட்டளைகள் ஒரு தட்டு, அந்தப் பாதுகாப்பை நடைமுறைப்படுத்தற விதம் ஒரு தட்டு, அந்தந்த நேரத்துக்குக் குடுத்த அறிவுரை ஒரு தட்டு. மேல் தட்டு அசையாது, கீழ போகப் போகத்தான் காலம் பார்க்க இடம் இருக்கு. திருடாதேங்கிறது பாதுகாப்பு, கை வெட்டறது நடைமுறை. ரெண்டாவது கலீஃபா உமர் (ரலி) பஞ்ச வருஷத்துல அந்த தண்டனையை நிறுத்தி வெச்சதைப் பள்ளிவாசல் பயான்லயே கேட்டிருப்பீங்க. 9:60ல உள்ளம் இணைக்கப்பட வேண்டியவங்களுக்குன்னு இருக்கற ஜகாத் பங்கையும், இப்ப இஸ்லாம் பலமாயிடுச்சு, தேவையில்லன்னு அவர் நிறுத்தினாரு. ஆயத்தை அவர் ரத்து பண்ணல, அந்த நிலைமை இப்ப இல்லன்னு பார்த்தாரு.

நம்மளை நாமே சோதிக்கிறது

ஒரு கேள்வி கேட்டுக்கங்க, இந்த விளக்கம் எனக்கு நஷ்டம் வர்ற மாதிரி இருந்தாலும் ஒத்துக்குவேனா? 3:130ல ரெட்டிப்பா பெருகற வட்டியைத் தின்னாதீங்கன்னு இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு பேங்க் வட்டி அந்த ரகம் இல்லன்னு வாதாடறவங்க உண்டு, ஃபஸ்லுர் ரஹ்மானே 1960கள்ல அப்படி எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டாரு. பெரும்பாலான உலமா ஒத்துக்கல. சரி, அந்த வாதத்தை எடுக்கறீங்கன்னா முழுசா எடுங்க, 2:279 அநியாயம் செய்யாதீங்க, உங்களுக்கும் அநியாயம் செய்யப்படாதுன்னு முடியுது, அப்ப மீட்டர் வட்டி, கந்து வட்டி, ஆதார் கார்டை வாங்கி வெச்சுக்கிட்டு வாரத் தவணை வசூல் பண்ற ஃபைனான்ஸ் எல்லாம் அந்த ஆயத்துக்கு நேர் முன்னாடி வந்து நிக்குது. தமிழ்நாடு அரசே 2003ல கந்து வட்டித் தடைச் சட்டம் போட்டிருக்கு. தன் எஃப்டிக்கு மட்டும் சூழல் பார்த்துட்டு இதுக்கு வாயே திறக்காதவர் படிச்சது சூழல் இல்ல, பாஸ்புக்.

உங்களை எதிர்த்து வர்ற பெரிய கேள்வி

வார்த்தையோட பொதுத்தன்மைதான் கணக்கு, இறங்கின சம்பவத்தோட தனித்தன்மை கணக்கில்லன்னு உசூல்ல (சட்டம் எடுக்கற முறைல) ஒரு விதி இருக்கு, ஹஜ்ரத் கண்டிப்பா இதைத்தான் எடுப்பாரு, அது பலமான விதிதான், மதிச்சு பதில் சொல்லுங்க. ஒரு ஆளுக்கு இறங்கினதால அந்த ஆளோட முடிஞ்சு போச்சுன்னு சூழல் பார்க்கறவங்களும் சொல்றதில்ல, பொதுவாக்கறதுல ரெண்டு பேருக்கும் ஒத்துமைதான், எதைப் பொதுவாக்கறதுங்கிறதுலதான் வித்தியாசம், குதிரையையா தயார்நிலையையா. இந்த அளவுக்குப் பேசினா பெரும்பாலும் சண்டை வராது. எகிப்துல குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் பட்டதையும் மறந்துராதீங்க, 1995ல கோர்ட்டே அவரை முர்தத்னு (மதத்தை விட்டு வெளியேறினவர்னு) சொல்லி நிக்காஹை ரத்து பண்ணி, அவரும் மனைவியும் நாட்டை விட்டு நெதர்லாந்து லைடனுக்குப் போக வேண்டியதாச்சு. நம்ம ஜமாத்துல அப்படியெல்லாம் ஆகாது, இருந்தாலும் ஜும்மா முடிஞ்சு நாலு பேர் நிக்கும்போது முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) முன்னாடி ஹஜ்ரத்தை மடக்காதீங்க, அசருக்கு அப்புறம் தனியா போய் உக்காந்து பேசுங்க.

எங்க ஆரம்பிக்கலாம்

முதல் வாரம் 2:282, ஏன்னா எல்லார் வீட்லயும் கடன் இருக்கு, பேச ஆள் கிடைக்கும். அடுத்து 9ஆம் சூராவோட முதல் பதினஞ்சு ஆயத். அப்புறம் 4:3ஐ 4:129ஓட சேர்த்து. 4:34ஐ, அதான் கணவன் மனைவி அதிகாரம் பேசற ஆயத், முதல் மாசமே எடுக்காதீங்க, முறை பழகறதுக்குள்ள எடுத்தா படிப்பு நின்னு போய் வீட்டு வழக்கு ஆரம்பிச்சுரும். அதுக்கு முன்னாடி 9:71 படிங்க, ஈமான் கொண்ட ஆணும் பெண்ணும் ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு வரும். 33:35ம் படிங்க, குர்ஆன்ல ஆம்பளைங்களைச் சொல்ற மாதிரி எங்களை ஏன் சொல்றதில்லன்னு நபியோட மனைவி உம்மு ஸலமா நாயகி நபிகிட்ட நேரா கேட்டதுக்கு அப்புறம் இறங்கினதா ரிவாயத் இருக்கு. அந்த வாரம் வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டத்துல உக்கார வைங்க, டீ போடறதுக்கு அனுப்பிராதீங்க.